மசகு எண்ணெயும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்

கொழும்பில் மசகு எண்ணெய்க் குழாய் எந்த வழியால் போகிறது என்பது எனக்குத் தெரியும் என்று வெள்ளவத்தை முழுக்கச் சில வருடங்களாகச் சொல்லித் திரிந்தவன் நான். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் சேமித்து வைக்கிற குதங்கள் ஒரு தாக்குதலில் எரிந்து, அந்தக் கரும்புகையைக் காலி வீதி மொட்டை மாடிகளில் ஏறி நின்று நாங்கள் பார்த்து முடித்திருந்தோம். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு தமிழன் தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, "குழாய் போற பாதை எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று சொல்வதானால், ஒன்றில் அவன் பெரிய வீரனாக இருக்க வேண்டும், அல்லது பெரிய மடையனாக இருக்க வேண்டும். நான் வீரன் இல்லை. இதைவிட வெட்கம், நான் சொன்னது பொய். எனக்குத் தெரிந்தது குழாய்க்கான தமிழ்ச் சொல் மட்டும்தான்.

பொரளையில் ஒரு பழைய கட்டிடத்தில் எங்கள் கந்தோர். துறைமுகத்தில் கப்பல் இறக்குகிற மசகு எண்ணெய், அதாவது கச்சா எண்ணெய், நிலத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு பழைய குழாயால் ஓடி, நகரத்துக்கு வெளியே இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அந்தக் குழாயைப் போட்ட காலத்தில் நாட்டில் கார் குறைவு, யுத்தம் இல்லை. இப்போது விமானம் குடித்தது, கவச வாகனம் குடித்தது, மின்வெட்டு நேரத்தில் காலி வீதிக் கடைகளுக்கு முன்னால் வரிசையாக நின்று இருமிய ஜெனரேற்றர்கள் குடித்தன. நிலையம் இன்னும் தா, இன்னும் தா என்றது. கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே தவம் கிடந்தன. நடுவில் கிடந்த கிழட்டுக் குழாய், வயது போன ஆண்களுக்கு வருகிற நீரடைப்பு வருத்தம் வந்ததுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டது. ஆகவே அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பருமனாக இன்னொன்று போடுவதென்று முடிவாயிற்று. அதற்கென்று ஒரு திட்டம், திட்டத்துக்கென்று ஒரு கந்தோர், கந்தோருக்கென்று மும்மொழி அறிவித்தல்கள், மூன்றாவது மொழிக்கென்று நான்.

வெள்ளவத்தையில் இதையெல்லாம் இப்படி விபரமாகச் சொல்வதில்லை. "எண்ணெயில வேலை" என்பேன். அதற்கு நல்ல மரியாதை இருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்கு மட்டும் இருக்கிற வாங்கைத் துடைத்துவிடுவார். வங்கியிலிருந்து இளைப்பாறிய ஒருவர், பெற்றோல் விலை ஏறுமோ என்று என்னிடம்தான் கேட்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பேன். தெரிந்தவன் சொல்லாமல் இருப்பதற்கும் தெரியாதவன் சொல்லாமல் இருப்பதற்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் இல்லை.

"இஞ்சரப்பா, உந்தக் கதையாலதான் நீங்கள் ஒரு நாளைக்கு நாலாம் மாடிக்குப் போகப் போறியள்" என்பாள் மனைவி. பிடித்துக்கொண்டு போய் விசாரிக்கிற இடத்துக்கு அப்போது எங்கள் சனத்திடையே அதுதான் பெயர்.

"மூண்டாம் மாடிக்கே என்னை விடுறாங்களில்லை. நாலாம் மாடிக்கு விடுவாங்களோ?" என்பேன்.

நான் பகிடிக்குச் சொன்னதானாலும் உண்மை. குதங்கள் எரிந்த பிறகு கந்தோரில் ஒரு புதிய ஒழுங்கு வந்தது. குழாயின் வரைபடங்கள் பூட்டி வைத்திருந்த மூன்றாம் மாடிக்குத் தமிழ் ஊழியர்கள் போகத் தேவையில்லை. 'போகக் கூடாது' என்று யாரும் சொல்லவில்லை. 'தேவையில்லை' என்றார்கள். அந்தக் கந்தோரில் தமிழ் ஊழியர்கள் என்று இருந்தது நான் ஒருவன்தான். என் ஒருவனுக்காகப் பன்மையில் எழுதினார்களே என்று அதையும் ஒரு கௌரவமாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு மொழிபெயர்க்க வருகிற தாள்களில் ஊர்ப்பெயரும் வீதிப்பெயரும் இருக்கவேண்டிய இடங்களில் கறுப்பு மை பூசியிருக்கும். இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை, இன்ன வீதியின் இடது பக்கமாக. முழு இலங்கையிலும் எந்தச் சந்துக்கும் ஒழுங்கைக்கும் பொருந்தக்கூடிய தமிழை நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பெரிய எஞ்சினியர் சிங்களவர், நல்ல மனிதர். என்னைப் 'புரொபெசர்' என்று கூப்பிடுவார். பட்டம் அவர் தந்தது. அதற்கான தகுதியை நான் தாளுக்குத் தாள் நிரூபித்துக்கொண்டிருந்தேன். இடம் தெரியாமல் எப்படி மொழிபெயர்ப்பது என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"புரொபெசர், உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது தமிழ்தானே. பெயர்களை மேலே நிரப்பிக்கொள்வார்கள்" என்றார். பிறகு, கொஞ்சம் சங்கடப்பட்டவர்போல, தன் மேசையில் இருந்த பிஸ்கற்றை என் பக்கம் தள்ளினார்.

இந்தக் காலத்தில்தான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த வசனத்தை எழுதினேன். புதுக் குழாய் போகிற வழியில், பழைய குழாயின் மேலேயும் இரண்டு பக்கமும் அரசாங்கக் காணியில் உறுதிப் பத்திரம் இல்லாமல் கட்டிய வீடுகள் இருந்தன. அவற்றை உடைக்க வேண்டும். உடைக்க முன் நில அளவைக்காரர் வந்து சுவரில் சிவப்புப் பெயின்ற்றால் இலக்கம் போடுவார்கள். இலக்கம் உள்ள வீட்டாருக்கு மாடிக் குடியிருப்பில் பதில் வீடு கிடைக்கும். இதைத்தான் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது இது: 'செந்நிறக் குறியீடு பொறிக்கப்பெற்ற மனைகளில் வதிவோர், அம்மனைகள் அகற்றப்படுங்கால் மாற்றுறைவிடம் பெறுந் தகைமையுடையோராவர்.'

ஒரு முழுக் காலைப்பொழுதும் அதற்குப் போனது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவிக்கு மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன்.

"ஆருக்கு எழுதினது?" என்றாள்.

"பொதுமக்களுக்கு."

"செத்துப்போன பொதுமக்களுக்கோ?" என்று கேட்டுவிட்டு மீனின் தலையை வெட்டினாள்.

அந்த அறிவித்தலைக் கிராம சேவகரின் கந்தோரிலும் பொலிஸ் நிலையத்துக்கு உள்ளேயும் ஒட்டினார்கள். எங்கள் சனம் பொலிஸுக்குப் போவது, இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறோம் என்று பதிவு செய்யத்தான். போகிறவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே தவிர, சுவரைப் பார்க்க மாட்டார்கள். என் வசனத்தை அந்த நிலையத்தின் பல்லிகள் வாசித்திருக்கும்.

என் மனைவியின் அக்கா, எனக்கு மச்சாள், கொட்டாஞ்சேனையில் இருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு முதல் அவரும் அவருடைய புருஷனும் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவர்கள். அந்த ஆடி மாதத்தில் தமிழரைத் தேடி ஆட்கள் வந்தபோது பக்கத்து வீட்டை விட்டுவிட்டு நேரே இவர்களுடைய வீட்டுக்கு வந்தார்கள். கேற்றில் முதல் நாளே யாரோ சோக்குக் கட்டியால் ஒரு கோடு இழுத்திருந்ததை மச்சாள் கண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளின் வேலை என்று நினைத்து, பிறகு அழிப்போம் என்று விட்டிருந்தார். பின்மதிலால் ஏறிக் குதித்த இரண்டு பேரும் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போனார்கள். கழுத்தில் கிடந்ததை விற்று, கொட்டாஞ்சேனையில் ரயில் பாதைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் இரண்டு அறையும் குசினியுமாக ஒரு வீடு வாங்கினார்கள். வாங்கினார்கள் என்றால், சுவர்களை வாங்கினார்கள். நிலம் அரசாங்கத்துடையது. அந்த ஒழுங்கையில் யாரிடமும் உறுதி கிடையாது. அந்த வீட்டு விலாசத்தில்தான் பொலிஸ் பதிவு, அந்த விலாசம்தான் அடையாள அட்டையில். கொழும்பில் ஒரு தமிழனுக்கு அப்போது விலாசம் என்பது சுவாசம் மாதிரி. சென்றிப் பொயின்ற்றில் நிற்கிற ஆமிக்காரன் கேட்கும்போது உடனே வர வேண்டும்.

மச்சாளுக்கு அந்த வீட்டில் ஒரேயொரு முறைப்பாடு. மழை பெய்தால் குசினி நிலத்தால் எண்ணெய் மணம் வருகிறது. எண்ணெயில் வேலை செய்கிறவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிந்து, மணந்து, அவருடைய மண்ணெண்ணெய் அடுப்பை உருட்டிப் பார்த்து, திரி சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சாள் புது அடுப்பு வாங்கினார். மணம் போகவில்லை. போகாது. நாட்டின் மசகு எண்ணெய் முழுவதும் அவருடைய குசினிக்குக் கீழால் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை பக்கத்துத் தொலைபேசிக் கடைப் பெண் ஓடிவந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு என்றாள். மச்சாள்தான்.

"தம்பி, சுவரில கீறிப்போட்டுப் போட்டாங்கள்" என்றார்.

நான் போனபோது ஒழுங்கையில் சனம் வெளியே நின்று, சத்தம் போடாமல் கதைத்துக்கொண்டிருந்தது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், என் நெஞ்சளவு உயரத்தில், சிவப்புப் பெயின்ற்றில் ஓர் அம்புக்குறி, ஓர் ஆங்கில எழுத்து, ஓர் இலக்கம். பெயின்ற் கொஞ்சம் வடிந்திருந்தது.

"ஆர் போட்டது?" என்றேன்.

"ரெண்டு பேர் வந்தவங்கள். சிங்களத்தில என்னவோ சொன்னவங்கள். நான் குளிச்சுக்கொண்டு நிண்டனான். இவருக்குக் காது கேக்காதுதானே, 'ஓவ், ஓவ்' எண்டு தலையாட்டி அனுப்பிப்போட்டார்."

மச்சாளின் புருஷன் வாசலில் கதிரை போட்டு இருந்தார். தன்னைப் பற்றித்தான் கதை என்று தெரிந்து, மறுபடியும் தலையாட்டினார்.

"எல்லா வீட்டிலையும் போட்டவங்களோ?"

"இந்தப் பக்கம் முழுக்க. அந்தப் பக்கம் ஒண்டுமில்லை. முடக்கில கடை வைச்சிருக்கிற சிங்களவன்ர சுவரிலையும் கிடக்கு, தம்பி. அதுதான் எனக்கு விளங்கேல்லை."

இங்கே நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். செந்நிறக் குறியீடு என்று மூன்று மாதத்துக்கு முன் நானே எழுதினேன். பொறிக்கப்பெற்ற என்று எழுதினேன். மனை என்று எழுதினேன். இதோ செந்நிறம், இதோ குறியீடு, இதோ மனை, மனைக்கு முன்னால் மச்சாள். ஆனால் நான் எழுதிய தமிழில் பெயின்ற் வடியவில்லை. அது தாளில் இருந்தது. இது சுவரில் இருந்தது. சுவரைக் கண்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தது கேற்றில் இழுத்த சோக்குக் கோடு. பயம் வந்த பிறகு மனிதனுக்கு வாசிக்கத் தெரியாமல் போய்விடுகிறது, அது அவனே எழுதியதாக இருந்தாலும்.

"அந்தச் சிங்களவன்ர சுவரில போட்டது கண்துடைப்புக்கு" என்றேன். "எங்கட ஆக்களின்ர வீட்டில மட்டும் போட்டால் வெளியில தெரியுமெல்லே. நடுவில தங்கட ஆள் ஒருத்தன்ரையும் சேர்த்துப் போடுறது."

இத்தோடு நான் நிறுத்தவில்லை. வாசித்த புத்தகங்களெல்லாம் அன்று எனக்கு உதவிக்கு வந்தன. எந்தெந்த நாட்டில் எந்தெந்தச் சனத்தின் கதவில் எந்தெந்த நிறத்தில் அடையாளம் போட்டார்கள், பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்கை நடுவில் நின்று ஒரு விரிவுரை நடத்தினேன். எஞ்சினியர் தந்த பட்டம் வீண்போகவில்லை. சனம் கூடிவிட்டது. முன்பு 'ஏதும் வரிக்காக இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு நின்ற ஒருவர்கூட, என் பேச்சைக் கேட்டபின் உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

"அப்ப என்ன செய்வம்?" என்றார் மச்சாள்.

"அழிப்பம்."

"அழிச்சால் கேக்க மாட்டாங்களே?"

"போன முறை நீங்கள் அழிக்கேல்லை. என்ன நடந்தது?"

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மச்சாள் உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்தார்.

மண்ணெண்ணெயால் தேய்த்ததில் சிவப்பு நாலு பக்கமும் பரவி, சுவருக்கு வெட்டு விழுந்த மாதிரி ஆயிற்று. பிறகு நான் போய்ச் சந்தியில் சுண்ணாம்பும் பிரஷ்ஷும் வாங்கி வந்து, வாளியில் கரைத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் கையாலேயே அடித்தேன். முன்சுவரில் ஒரு திட்டு மட்டும் வெள்ளையாக இருந்தால் அதுவே ஓர் அடையாளம் அல்லவா என்று என் மூளை வேலை செய்தது. ஆகவே முழு வீட்டுக்கும் அடித்தேன். கேட்டால் பொங்கலுக்கு என்று சொல்லுங்கள் என்று மச்சாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொங்கலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. தேவாலயத்துக்குப் போகிற பக்கத்து வீட்டு வேதக்காரக் குடும்பம், தாங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு என்று சொல்லிக்கொள்வதாகச் சொல்லி மிச்சச் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டது. பின்னேரத்துக்குள் ஒழுங்கையின் அந்தப் பக்கத்தில் தமிழ் வீடுகள் எல்லாம் வெள்ளை.

சந்திச் சென்றியில் நின்ற ஆமிப் பெடியன் வந்து எட்டிப் பார்த்து, "மொகத மே?" என்றான். என்ன இது என்கிறான்.

"பொங்கல்" என்றோம், எல்லோரும் ஒரே குரலில். வேதக்காரரும் பதற்றத்தில் பொங்கல் என்றுதான் சொன்னார்கள்.

அவன் ஒழுங்கையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்து, "லஸ்ஸணய்" என்றான். அழகாக இருக்கிறதாம். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. நான் கையில் சுண்ணாம்போடு, ஒரு சனத்தைக் காப்பாற்றிய களைப்பில், மச்சாள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

முடக்குக் கடைச் சிங்களவர் மட்டும் தன் சுவரைத் தொடவில்லை. மலேரியா நுளம்புக்கு மருந்தடிக்கிற ஆட்கள் போட்டுவிட்டுப் போன இலக்கம் என்று அவர் நினைத்திருந்தார். அவருக்கு வரலாறு தெரியாது.

தைப்பொங்கல் முடிந்து சில நாட்களில், கந்தோரில் தேத்தண்ணி நேரம் பெரிய எஞ்சினியர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"புரொபெசர், உங்கள் சனத்தின் பழக்கம் ஒன்று கேட்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பீர்களா?"

"ஓம் சேர்."

"ஒரு மாதத்துக்கு முதலேயா?"

எனக்கு விளங்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற குணம் எனக்கு இல்லை. பழையன கழிதல் பற்றியும், சூரியனுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள தொடர்பு பற்றியும் சொன்னேன். சிலவற்றை அங்கேயே உண்டாக்கினேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "மடைச் சனம். ஓர் ஒழுங்கை முழுக்க எங்கள் சிவப்பு இலக்கங்களுக்கு மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். முதலாம் குழு போட்ட இலக்கத்தை இரண்டாம் குழு சுவரில் பார்த்துத்தான் உறுதிப்படுத்தும். சுவரில் இலக்கம் இல்லையென்றால் அளவைக்குப் பிறகு கட்டிய வீடு என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் வீடு கிடையாது. நாங்கள்தான் தெளிவாக அறிவித்தல் போட்டோமே. தமிழில்கூட."

தமிழில்கூட என்று சொல்லும்போது, பாராட்டுகிற மாதிரி என் தோளில் தட்டினார்.

செந்நிறக் குறியீடு பொறிக்கப்பெற்ற மனைகளில் வதிவோர். அப்போதுதான் அந்த வசனத்தை நான் முதல்முறையாக வாசித்தேன். சுண்ணாம்பின் கீழே கிடந்தது மச்சாளின் வீடு. இடிக்கப்போகிற வீடு அல்ல, கிடைக்க இருந்த வீடு.

அன்று வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னால் இருந்தாள். பிறகு, "நாளைக்குப் போய் அந்த எஞ்சினியருக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. நான்தான் அடிக்கச் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ. அக்காவின்ர பொலிஸ் பதிவைக் கொண்டுபோங்கோ. எத்தனை வருசமா அங்கை இருக்கினம் எண்டு அதில கிடக்கு" என்றாள்.

போனேன். எஞ்சினியரின் அறைக் கதவை நானே சாத்தினேன். சொன்னேன். அந்த ஒழுங்கையில் என் மனைவியின் அக்கா இருக்கிறார், பல வருடமாக இருக்கிறார், இதோ பதிவு, சுவருக்கு வெள்ளையடித்தது நான், மற்றவர்களையும் அடிக்க வைத்தது நான்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த 'புரொபெசர்' சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

"எந்த ஒழுங்கை?" என்றார்.

ஒழுங்கையின் பெயரைச் சொன்னேன்.

"அந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தந்த தாளில் பெயர் இல்லை. நேற்றும் நான் பெயர் சொல்லவில்லை."

"சேர், எல்லாரும் வெள்ளையடிச்ச ஒழுங்கை..."

"நான் நம்புவேன்" என்றார். "நான் நம்புவது பெரிதில்லை. இதை எழுத்தில் மேலே அனுப்பினால் அது எப்படி வாசிக்கப்படும் என்று யோசியுங்கள். இந்தக் கந்தோரில் வேலை செய்கிற ஒரு தமிழனுக்கு எண்ணெய்க் குழாய் போகிற வழி தெரிந்திருக்கிறது. அவன் அங்கே போய் அளவைக் குறிகளை அழித்திருக்கிறான், சனத்தையும் தூண்டியிருக்கிறான். வேறு ஏதும் எழுத வேண்டுமா?"

வேண்டியிருக்கவில்லை. வருடக்கணக்காகத் தெரியாத வழியைத் தெரியும் என்று சொல்லித் திரிந்தவனுக்கு அது உண்மையாகவே தெரியவந்த நாளில், தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவர் பொலிஸ் பதிவைத் திருப்பித் தந்தார். "இது அவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி. வீடு இருக்கிறது என்பதற்கு அல்ல" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் இன்று என் அறைக்கு வரவில்லை" என்றார். அது எனக்குச் செய்த உதவி. எனக்கு இன்றுவரை அவர் மேல் கோபம் இல்லை. கோபிப்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் எழுத்தில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் மச்சாளுக்கு வீடு கிடைத்திருக்குமா என்று தெரியாது. நான் உள்ளே போயிருப்பேன் என்பது மட்டும் ஓரளவு நிச்சயம். இப்படி யோசித்து நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். மனைவியைச் சமாதானப்படுத்த முடியவில்லை. "பயந்துபோட்டியள்" என்றாள். "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவேயில்லை. அது இன்னும் மோசம்.

வீடுகளை உடைக்க வந்த இயந்திரத்துக்கும் டீசல் வேண்டியிருந்தது. அது காலமை முழுக்க ஒழுங்கை முனையில் உறுமிக்கொண்டு நின்றது. மச்சாள் புது மண்ணெண்ணெய் அடுப்பைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். முன்சுவர் விழும்போது, உள்ளே கல் எல்லாம் கறுப்பாகவும் வெளியே நான் அடித்த சுண்ணாம்பு மட்டும் பளிச்சென்றும் இருந்தது. குசினி நிலத்தைத் தோண்டிய இடத்தில், முழங்கால் ஆழத்தில், பழைய குழாய் கிடந்தது. தார் பூசிய முதுகு. பொருத்தில் ஓர் ஈரம். மச்சாளின் புருஷன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். காது கேட்காத மனிதர்களின் பார்வைக்குப் பதில் சொல்வது கஷ்டம்.

முடக்குக் கடைச் சிங்களவருக்கு மாளிகாவத்தைப் பக்கம் மாடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. நுளம்பு மருந்துக்காரருக்கு நன்றி சொல்லிக்கொண்டு போனாராம்.

மச்சாளும் புருஷனும் வெள்ளவத்தையில் எங்களோடு வந்து இருந்தார்கள். எங்களுடையதும் வாடகை அனெக்ஸ், ஒரு படுக்கையறை. அதை அவர்களுக்கு விட்டுவிட்டு நாங்கள் முன்னறையில் பாய் போட்டோம். பொலிஸில் புதிதாகப் பதிய வேண்டும். பதியப் போனால், அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம் இருக்க இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அங்கே வீடு இல்லை என்றோம். வீடு இல்லாத விலாசம் எப்படி அட்டையில் வரும் என்றார்கள். அட்டையில் இருந்தது சரியான விலாசம்தான். அதற்கு மேல் வீட்டுக்குப் பதிலாகக் குழாய் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கலாம், ஆனால் குழாய் எங்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது. காலி வீதிச் சென்றியில் மச்சாளின் புருஷனை மறிக்கும்போதெல்லாம் அவர் அட்டையை நீட்டிக்கொண்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் 'ஓவ், ஓவ்' என்று தலையாட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் மச்சாள், தனக்கு வராத சிங்களத்தில், இல்லாத வீட்டை விளக்கிக்கொண்டு நிற்பார்.

மச்சாள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். காலமையில் எனக்கு முதல் தேத்தண்ணி, மத்தியானத்தில் என் சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டு. ஒரு நாள் கந்தோரிலிருந்து அந்த அறிவித்தலின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்டால், நான் வேண்டுமென்று மறைக்கவில்லை என்பதற்காக இருக்கலாம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் வாசித்தார்.

"இதில என்ன சொல்லியிருக்கு தம்பி?" என்றார்.

சொன்னேன். "சுவரில சிவப்பு இலக்கம் போட்ட வீட்டுக்குப் பதில் வீடு தருவம் எண்டு."

"அதை இப்பிடிச் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்" என்று கண்ணாடியைக் கழற்றி, தாளை மடித்து என்னிடமே தந்தார்.

புதுக் குழாய் பிறகு போய்ச் சேர்ந்தது. எண்ணெய் ஓடியது. மின்வெட்டு நிற்கவில்லை, ஜெனரேற்றர்களும் நிற்கவில்லை, யுத்தமும் நிற்கவில்லை. நான் கந்தோரில் தொடர்ந்து இருந்தேன். வெள்ளவத்தைத் தேத்தண்ணிக் கடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசை, பழக்கம் விடவில்லை.

அடுத்த வருடம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், பந்திக்கு இடம் கிடைக்கும்வரை பொழுதுபோக வேண்டுமே என்று, எனக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் என்னையறியாமல் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, "எண்ணெயில" என்றேன். அவர் மரியாதையோடு நிமிர்ந்து இருந்தார்.

முன்வரிசையில் இருந்த மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் இருந்த பூவைச் சரிசெய்துகொண்டு, அந்த மனிதருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எண்ணெயில வேலை எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நான் கண்டது சுண்ணாம்பிலதான்."